பேக்கார்ட் தோற்றது 1935-இல் அல்ல

இரும்புக்குதிரை (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்கப் பழைய கார்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே பேக்கார்டுக்கு ஒரே தீர்ப்புதான் சொல்கிறார்கள். "பணக்காரர்களுக்கு வண்டி செய்துகொண்டிருந்த கம்பெனி, 1935-இல் மலிவு வண்டி விட்டது, பெயர் கெட்டது, மூடிவிட்டார்கள்." எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. நல்ல கம்பெனி ஒன்றின் மேல் தவறான பழி விழுந்து கிடக்கிறது. அதை விரிவாகப் பேசத்தான் இந்த இழை.

புதிதாக வருபவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. ஒஹாயோ மாநிலத்தில் வாரன் என்று ஓர் ஊர். அங்கே ஜேம்ஸ் வார்ட் பேக்கார்டும் அவருடைய அண்ணன் வில்லியமும் மின்விளக்கு, மின்சாரச் சாமான்கள் செய்து நன்றாகவே சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். 1898-இல் ஜேம்ஸ் ஒரு வின்டன் கார் வாங்கினார். கிளீவ்லாந்திலிருந்து ஊருக்கு ஓட்டி வருவதற்குள் வண்டி படுத்துவிட்டது. குறைகளை அலெக்சாண்டர் வின்டனிடமே போய்ச் சொன்னபோது, அவ்வளவு தெரிந்தால் நீங்களே ஒன்று செய்துகொள்ளுங்கள் என்று அவர் முகத்தில் அடித்தாற்போலச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் கதை. வின்டனிடம் வேலை பார்த்த இரண்டு பேரைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு ஜேம்ஸ் இறங்கினார். 1899 நவம்பர் 6-ஆம் தேதி முதல் பேக்கார்ட் வாரன் தெருவில் ஓடியது.

பிறகு ஹென்றி ஜாய் என்ற டெட்ராய்ட் பணக்காரர் முதல் போட்டார். 1903-இல் கம்பெனி டெட்ராய்டுக்குக் குடிபெயர்ந்தது. ஈஸ்ட் கிராண்ட் பூல்வார்டில் எழுந்த தொழிற்சாலைக்கு வரைபடம் போட்டவர் ஆல்பர்ட் கான். அங்கே 1905-இல் கட்டிய பத்தாம் எண் கட்டடம் தொழிற்சாலைக் கட்டுமானத்தையே மாற்றியது. அதுவரை செங்கல் சுவரும் மரத்தளமும்தான் வழக்கம். எண்ணெய் ஊறிய மரத்தளம் எப்போது வேண்டுமானாலும் தீப்பிடிக்கும். கான் இரும்புக்கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு மாறினார். தூண்களைத் தள்ளித்தள்ளி வைக்க முடிந்தது, சுவர் முழுக்க ஜன்னல் வைக்க முடிந்தது, மிஷின்களை வேலையின் வரிசைப்படி நிறுத்த முடிந்தது.

1915-இல் 12 சிலிண்டர் 'ட்வின் சிக்ஸ்' வந்தது. 1921-இல் வாரன் ஹார்டிங் பதவியேற்புக்குப் போனது அதில்தான். காரில் பதவியேற்கப் போன முதல் அமெரிக்க ஜனாதிபதி அவர். 1920-களில் உயர்ரக வண்டி விற்பனையில் காடிலாக்கை பேக்கார்ட் முந்தி நின்றது. 'வைத்திருப்பவரைக் கேளுங்கள்' என்பது அவர்களுடைய விளம்பர வாசகம். அதை நம்பிக்கையோடு சொல்லும் தகுதி அந்த வண்டிக்கு இருந்தது.

அப்புறம் 1929-இன் பொருளாதாரச் சரிவு வந்தது. இனி விவாதத்துக்கு வருவோம்.

---

வரலாற்றுப்பித்தன்

நல்ல தொடக்கம். ஆனால் நான் எதிர்க்கட்சி.

1935-இல் வந்த 'ஒன் ட்வென்டி' மாடலின் தொடக்க விலை 980 டாலர். அதே ஷோரூமில், அதே ரேடியேட்டர் வடிவத்தோடு, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள 12 சிலிண்டர் பேக்கார்ட் நின்றது. பெரிய வண்டி வாங்கியவர் தன் வீட்டு வாசலில் பேக்கார்டை நிறுத்தும்போது, எதிர்வீட்டு டாக்டர் வாசலிலும் ஒரு பேக்கார்ட் நிற்கிறது. அடுத்த முறை அவர் காடிலாக் கடைக்குத்தானே போவார்?

ஜெனரல் மோட்டார்ஸ் இந்தத் தப்பைச் செய்யவில்லை. காடிலாக்குக்குக் கீழே ஒரு வண்டி வேண்டும் என்றதும் லாசால் என்று தனிப்பெயர் வைத்தார்கள். விற்பனை சரியில்லை என்றதும் 1940-ஓடு லாசாலைத்தான் நிறுத்தினார்கள். காடிலாக் பெயரில் கீறல் விழவில்லை. 1937-இல் பேக்கார்ட் இன்னும் கீழே இறங்கி ஆறு சிலிண்டர் வண்டியும் விட்டது. இதற்குப் பிறகும் 1935-இல் தப்பு நடக்கவில்லை என்கிறீர்களா?

---

இரும்புக்குதிரை

பித்தன் சார், அந்த வண்டியை விடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். ஊகமே தேவையில்லை, அப்படி விடாதவர்களின் பட்டியலே இருக்கிறது.

பியர்லெஸ் 1931-இல் கார் செய்வதை நிறுத்தியது, பிறகு அதே தொழிற்சாலையில் பீர் காய்ச்சினார்கள். மார்மன் 1933-இல் போனது. பிராங்க்ளின் 1934. டூசன்பெர்க் 1937. பேக்கார்டுக்குச் சமமாகப் பேசப்பட்ட பியர்ஸ்-ஏரோ 1938. இவர்கள் யாரும் பெயரைக் கெடுத்துக்கொள்ளவில்லை, கம்பெனியைத்தான் இழந்தார்கள். காடிலாக்கைக் காப்பாற்றியது ஜெனரல் மோட்டார்ஸின் கஜானா. லிங்கனைக் காப்பாற்றியது ஃபோர்டின் கஜானாவும் 1936-இல் வந்த மலிவான செஃபயரும். பேக்கார்டுக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை.

1934-இல் பேக்கார்ட் விற்றது ஏறக்குறைய 8,000 வண்டி. 1935-இல் ஒன் ட்வென்டி மட்டும் சுமார் 25,000. அடுத்த ஆண்டு 55,000. 1937-இல் மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. இந்த வண்டி இல்லையென்றால் 1938-இல் பியர்ஸ்-ஏரோவுக்குப் பக்கத்தில் பேக்கார்டுக்கும் ஒரு கல்லறை கட்டியிருப்பார்கள். இத்தனைக்கும் ஒன் ட்வென்டி மட்டமான வண்டி இல்லை. முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், ஹைட்ராலிக் பிரேக், கச்சிதமான எட்டு சிலிண்டர் இன்ஜின். பெரிய பேக்கார்டுகளுக்கு இதில் முதல் இரண்டும் வந்தது அதற்குப் பிறகுதான்.

லாசால் விஷயத்தில் மட்டும் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தனிப்பெயர் வைத்திருக்கலாம். ஆனால் பணமுடை நேரத்தில் புதுப்பெயருக்கு விளம்பரம் செய்ய எங்கே போவது? மக்கள் வாங்கியதே அந்தப் பெயருக்காகத்தான்.

---

கிரீஸ்கை

நடுவில் நுழைகிறேன். எல்லோரும் விற்பனைக் கணக்கே பேசுகிறீர்கள். போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலை என்ன செய்தது என்று சொல்லாமல் பேக்கார்டைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

1940-இல் ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் விமான இன்ஜினை அமெரிக்காவில் செய்ய ஆள் தேடினார்கள். ஹென்றி ஃபோர்ட் மாட்டேன் என்றுவிட்டார். பேக்கார்ட் எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் ஒப்பந்தம், அடுத்த ஆகஸ்டில் முதல் இன்ஜின் ஓடியது. பதினோரு மாதம்!

இது எவ்வளவு பெரிய வேலை என்பது பட்டறையில் நின்றவர்களுக்குத்தான் புரியும். இங்கிலாந்து வரைபடங்களில் பார்க்கும் கோணமே வேறு, அமெரிக்க வழக்கப்படி எல்லாவற்றையும் திரும்ப வரைய வேண்டியிருந்தது. அதைவிடத் தலைவலி, மரை. போல்ட், நட், ஸ்டட் எல்லாம் பிரிட்டிஷ் மரை. அமெரிக்காவில் அந்த மரையை வெட்டும் டேப்பும் கிடையாது, டையும் கிடையாது. "நம் மரைக்கு மாற்றிக்கொள்கிறோம்" என்று சொல்லியிருந்தால் வேலை சுலபம். ஆனால் போர்முனையில் இருக்கும் மெக்கானிக் கையில் ஒரு பேக்கார்ட் மெர்லினும் ஒரு ரோல்ஸ் மெர்லினும் இருந்தால், இதன் பாகம் அதில் ஏற வேண்டும். அதனால் பேக்கார்ட் அந்த டேப்புகளையும் டைகளையும் தானே செய்துகொண்டு, பிரிட்டிஷ் மரையிலேயே இன்ஜின் போட்டது. பேரிங்கை மாற்றினார்கள், சூப்பர்சார்ஜரை ஓட்டும் கியரை மாற்றினார்கள். மரையை மட்டும் தொடவில்லை.

55,000-க்கு மேல் மெர்லின் செய்தார்கள். மஸ்டாங் போர் விமானம் பெர்லின் வரை போய்த் திரும்பியது இந்த இன்ஜினில்தான். கனடாவில் கட்டிய லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களிலும் இதுவே. கடலில் பி.டி. என்ற டார்பிடோ படகுகளுக்குத் தனியாக ஒரு 12 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், படகுக்கு மூன்று வீதம்.

இவ்வளவு செய்யத் தெரிந்த ஆட்கள் இருந்த இடம், போர் முடிந்து பதினோரு வருடத்தில் காலி. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

---

இரும்புக்குதிரை

கிரீஸ்கை அண்ணே, நான் சொல்ல வந்த இடத்துக்கே கொண்டுவந்து விட்டீர்கள். என் வாதம் இதுதான்: பேக்கார்ட் தோற்றது 1945-க்கும் 1950-க்கும் நடுவில்.

போர் முடிந்தபோது கம்பெனியிடம் கடன் இல்லை, கையில் பணம் இருந்தது. 1941-இல் வந்த கிளிப்பர் அழகான வண்டி, அச்சும் கருவிகளும் புதிது. நான்கு வருடமாகக் கார் கிடைக்காத நாடு. செய்வது எதுவானாலும் விற்றுவிடும். தட்டுப்பாடு எஃகுக்குத்தான். கிடைக்கும் எஃகில் எந்த வண்டியைச் செய்வது? டன் கணக்கில் அளந்து வரும் எஃகில் விலை உயர்ந்த வண்டி செய்வதுதானே புத்தி? காடிலாக் அதைத்தான் செய்தது. அப்போது தலைவராக இருந்த ஜார்ஜ் கிறிஸ்டஃபர், எண்ணிக்கையே குறி என்று போனார். 1934-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆள் என்று அவரைக் கூட்டி வந்ததே ஒன் ட்வென்டியை மொத்தமாக உற்பத்தி செய்யத்தான். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் 1935-க்குச் சரியான மருந்தை 1946-லும் கொடுத்தார். ஆண்டுக்கு 2,00,000 வண்டி என்று பேசினார். டாக்ஸிகூடச் செய்தார்கள். பேக்கார்ட் பெயரில் வாடகை வண்டி!

1948-இல் அந்த அழகான கிளிப்பர் உடம்பின் மேலேயே தகரத்தைக் கூட்டிக் குண்டாக்கினார்கள். 'கர்ப்பிணி யானை' என்று ஊரே பெயர் வைத்தது. அதே ஆண்டு காடிலாக் வால்சிறகோடு வந்தது. 1949-இல் காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபீலும் மேல்வால்வு வி-8 (எட்டு சிலிண்டர், 'வி' வடிவில்) இன்ஜின் கொண்டுவந்தன. பேக்கார்டிடம் இருந்தது நேர்வரிசை எட்டு சிலிண்டர், பக்கவால்வு. அருமையாக ஓடும், சத்தமே கேட்காது. ஆனால் காலம் போய்விட்டது. 1954 வரை அதையே இழுத்தார்கள். கிறிஸ்டஃபர் 1949-லேயே போய்விட்டார். 1950-இல் காடிலாக் முதல் முறையாக ஒரு லட்சத்தைத் தாண்டியது.

பணம் இருந்த நேரத்தில் வி-8-ஐச் செய்யாமல், பணம் தீர்ந்த பிறகு 1955-இல் செய்தார்கள். என்னைக் கேட்டால் கம்பெனியின் கதை இந்த ஒரு தாமதத்திலேயே முடிந்துவிட்டது.

---

வரலாற்றுப்பித்தன்

1945-50 பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அது 1935-இன் தொடர்ச்சிதானே? கிறிஸ்டஃபர் போன்ற ஆள் உள்ளே வந்ததே ஒன் ட்வென்டி வழியாகத்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கதவைத் திறந்தது அது.

---

மிச்சிகன்வாசி

நான் இருப்பது டெட்ராய்ட் பக்கம். நீங்கள் இருவரும் பேசாத ஒரு பெயரைச் சொல்கிறேன்: பிரிக்ஸ்.

1940-களின் தொடக்கத்திலிருந்து பேக்கார்ட் தன் பாடியைத் தானே செய்யவில்லை. பிரிக்ஸ் என்ற கம்பெனியிடம் கொடுத்துவிட்டது. செலவு மிச்சம் என்று நினைத்தார்கள். வால்டர் பிரிக்ஸ் 1952-இல் இறந்தார். வாரிசுகள் 1953 கடைசியில் கம்பெனியை கிரைஸ்லரிடம் விற்றார்கள். கிரைஸ்லர் சொன்னது: 1954 மாடலோடு சரி, அதற்கு மேல் உங்களுக்குப் பாடி செய்து தர மாட்டோம்.

யோசித்துப் பாருங்கள். புது வி-8, புது சஸ்பென்ஷன், புது மாடல் எல்லாம் ஒரே ஆண்டில் வர இருக்கிறது. அந்த நேரத்தில் பாடி செய்ய இடமே இல்லை. கடைசியில் கிரைஸ்லரிடமே கானர் அவென்யூவில் இருந்த தொழிற்சாலையைக் குத்தகைக்கு எடுத்தார்கள். பாடி செய்வது மட்டுமல்ல, வண்டியை முழுதாகக் கோர்ப்பதையும் ஈஸ்ட் கிராண்டிலிருந்து அங்கே மாற்றினார்கள். அது ஒரே தளம், நவீன முறைக்கு அதுதான் சரி என்று பேக்கார்ட் தலைவர் ஜேம்ஸ் நான்ஸ் நினைத்தார். ஆனால் இடம் போதவே போதாது. விளைவு, 1955 வண்டிகள் பல அரைகுறையாக வெளியே போய் டீலர் பட்டறையில் சரிசெய்யப்பட்டன. நல்ல வண்டி. 1954-இல் 31,000-ஆக இருந்த விற்பனையை 55,000-க்குத் தூக்கியதும் அதுதான். அந்த நேரத்தில் பெயரைக் கெடுத்தது டிசைன் அல்ல, அந்த இடநெருக்கடி.

பழைய ஈஸ்ட் கிராண்ட் கட்டடத்திலேயே இருந்திருக்கலாம் என்பது என் கட்சி. 35 லட்சம் சதுர அடி சும்மா கிடந்தது.

---

சக்கரம்77

அருமையான இழை. ஒரு சின்னக் கேள்வி. காரில் முதல் ஏசி பேக்கார்டில்தான் வந்தது என்று படித்தேன். உண்மையா?

---

கிரீஸ்கை

உண்மைதான். 1940 மாடலில், 274 டாலர் கூடுதலாகக் கொடுத்தால். ஆனால் இப்போதைய ஏசியை மனதில் வைத்துப் பார்க்காதீர்கள். குளிர்விக்கும் சுருள் பின்னால் டிக்கியில், பாதி டிக்கியை அதுவே அடைத்துக்கொள்ளும். கம்ப்ரஸர் முன்னால் இன்ஜினோடு. கிளட்ச் கிடையாது, இன்ஜின் ஓடினால் கம்ப்ரஸரும் ஓடும். வேண்டாம் என்றால் இன்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்கள், மறுபடி 1953-இல்தான் கொடுத்தார்கள்.

அதைவிட நான் வியப்பது 1955-இன் டார்ஷன்-லெவல் சஸ்பென்ஷன். வில்லியம் ஆலிசன் என்ற இன்ஜினியரின் யோசனை. சுருள் ஸ்பிரிங்கும் இல்லை, பட்டை ஸ்பிரிங்கும் இல்லை. முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை சேசிஸ் நீளத்துக்கு ஒரு முறுக்குக் கம்பி. முன்சக்கரம் மேட்டில் ஏறினால் அந்த முறுக்கு பின்சக்கரத்துக்குப் போய் வண்டியின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கும். முன்னால் குதித்துப் பின்னால் அமுங்குவது என்பதே இல்லை. ரயில்வே கேட்டை 80 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டினாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் அசைய மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. பின்சீட்டில் மூன்று பேர் ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் தாழும். ஏழு விநாடி போல எதுவும் நடக்காது. அப்புறம் அடியில் ஒரு மோட்டார் 'ம்ம்ம்' என்று ஓடி, தனியாக உள்ள சிறிய கம்பிகளை முறுக்கி, வண்டியை மட்டத்துக்குக் கொண்டுவரும். அந்த ஏழு விநாடி வேண்டுமென்றே வைத்தது, இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். 1955-இல் இது!

குறையையும் சொல்ல வேண்டும். அந்த வி-8 நல்ல இன்ஜின், ஆனால் ஆயில் பம்போடு வைப்பருக்கான வாக்குவம் பம்பையும் சேர்த்துவிட்டார்கள். அதன் வழியாக ஆயிலில் காற்று கலக்கும், டேப்பட் (வால்வை அசைக்கும் பாகம்) கடகடவென்று அடிக்கும். 1956-இல் கியருக்குப் பட்டன் வைத்தார்கள், அதிலும் தொல்லை. கையில் நேரமும் பணமும் இருந்திருந்தால் ஆறு மாதத்தில் தீர்ந்திருக்கும் வியாதிகள்தான் எல்லாமே.

---

சக்கரம்77

நன்றி அண்ணா. அப்புறம் ஸ்டூடிபேக்கர்தான் பேக்கார்டை மூழ்கடித்தது என்கிறார்களே, அது?

---

இரும்புக்குதிரை

அது முக்கால் உண்மை.

1953-54-இல் ஃபோர்டும் செவ்ரோலேயும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, விலையைக் குறைத்து டீலர்கள் தலையில் வண்டிகளைக் கொட்டின. அடி விழுந்தது நடுவில் நின்ற சின்னக் கம்பெனிகளுக்கு. நாஷ் தலைவர் ஜார்ஜ் மேசனுக்கு ஒரு கனவு: நாஷ், ஹட்சன், ஸ்டூடிபேக்கர், பேக்கார்ட் நான்கும் ஒன்றானால் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்ட், கிரைஸ்லர் என்ற பெரிய மூன்றுக்கு எதிராக நிற்கலாம். 1954 மே மாதம் நாஷும் ஹட்சனும் சேர்ந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆனது. அக்டோபர் 1-ஆம் தேதி ஸ்டூடிபேக்கரும் பேக்கார்டும் சேர்ந்தன. ஒரே வாரம். அக்டோபர் 8-இல் மேசன் இறந்துபோனார். அடுத்து வந்த ஜார்ஜ் ராம்னிக்கு இந்த நான்கு பேர் கல்யாணத்தில் விருப்பம் இல்லை. பேக்கார்ட் வி-8-ஐ அமெரிக்கன் மோட்டார்ஸ் கொஞ்ச காலம் வாங்கியது. பதிலுக்குத் தங்களிடம் பேக்கார்ட் கம்பெனி எதுவும் வாங்கவில்லை என்று கசப்பு வந்தது. அவர்கள் தனி வி-8 செய்துகொண்டார்கள்.

ஸ்டூடிபேக்கரின் கணக்கைச் சேர்வதற்கு முன் ஒழுங்காகப் பார்க்கவில்லை. பிறகு திறந்து பார்த்தபோது, நஷ்டம் இல்லாமல் நிற்கவே அந்தத் தொழிற்சாலை ஆண்டுக்கு 2,80,000-க்கு மேல் வண்டி விற்க வேண்டும் என்று தெரிந்தது. 1954-இல் அதில் பாதிகூட விற்கவில்லை. ராணுவ ஆர்டர்களும் இதற்குள் வற்றிவிட்டன. பேக்கார்டும் ஸ்டூடிபேக்கரும் ஒரே பாடியைப் பகிர்ந்துகொள்ளும் 1957 மாடல்களுக்கு நான்ஸ் கடன் கேட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடம் போனார். எல்லோரும் கைவிரித்தார்கள்.

நான்ஸைத் திட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மலிவு வண்டிகளை கிளிப்பர் என்று தனிப்பெயரில் பிரித்து, பேக்கார்ட் பெயரைப் பழைய உயரத்துக்குக் கொண்டுபோக முயன்றவர் அவர்தான். பித்தன் சார் 1935-க்குக் கேட்டதை 1956-இல் செய்தார். டீலர்கள் கத்தினார்கள், அதே ஆண்டு நடுவிலேயே 'எக்ஸிக்யூட்டிவ்' என்ற பெயரில் கிளிப்பர் உடம்போடு ஒரு பேக்கார்டை விட வேண்டியதாயிற்று.

1956 ஜூன் 25. டெட்ராய்டில் கடைசி பேக்கார்ட் அன்று இறங்கியது.

---

வரலாற்றுப்பித்தன்

அதற்குப் பிறகு நடந்ததைப் பேசவே பிடிக்கவில்லை. ஸ்டூடிபேக்கருக்கு பேக்கார்ட் முகம் ஒட்டி 1957-இல் 4,809 வண்டி, 1958-இல் 2,622 வண்டி. 'பேக்கார்ட்பேக்கர்' என்று ஜனங்கள் கேலி செய்தார்கள். 1962-இல் கம்பெனிப் பெயரிலிருந்தும் பேக்கார்டை எடுத்துவிட்டார்கள்.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். 1935-இல் பெயரைப் பிரித்திருந்தாலும் பிரிக்ஸ் பிரச்சினை வந்திருக்கும், வி-8 தாமதமும் வந்திருக்கும். ஆனாலும் 1946-இல் மேலே ஏறுவதற்கு அவர்களுக்குத் தைரியம் வராமல் போனதற்குக் காரணம், பத்து வருடம் கீழே விற்றுப் பழகியதுதான். இதில் நான் மாற மாட்டேன்.

---

மிச்சிகன்வாசி

இங்கே வரும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு தகவல். ஈஸ்ட் கிராண்ட் தொழிற்சாலையைப் பார்க்கலாம் என்று வராதீர்கள். பல வருடம் கூரையில்லாமல் கிடந்தது. சாலைக்கு மேலே இருந்த பாலம் 2019-இல் விழுந்தது. 2022-இல் நகராட்சி இடிக்கத் தொடங்கி 2024-இல் முடித்துவிட்டார்கள்.

பார்க்க வேண்டியவை வேறு. வாரன் ஊரில் தேசிய பேக்கார்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. மிச்சிகனில் ஷெல்பி டவுன்ஷிப்பில் பழைய சோதனைத் தளத்தின் கட்டடங்களை ஆர்வலர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆல்பர்ட் கான் வடிவமைத்தவைதான் அவையும். 1899-இல் செய்த முதல் வண்டி வேண்டுமென்றால் பென்சில்வேனியா போக வேண்டும். ஜேம்ஸ் பேக்கார்ட் படித்த லீஹை பல்கலைக்கழகத்தில், அவர் கொடுத்த பணத்தில் கட்டிய ஆய்வுக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள்.

---

கிரீஸ்கை

டார்ஷன்-லெவல் வண்டியில் யாராவது வேலை செய்ய நேர்ந்தால் ஒரே வேண்டுகோள்: அந்த முறுக்குக் கம்பியை அதற்குரிய கருவி இல்லாமல் கழற்றாதீர்கள். வண்டியின் மொத்த பாரமும் அதில் முறுக்காக நிற்கிறது. விடுபட்டால் கையோ காலோ போய்விடும்.

ஹட்சன் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் தனிமடலில் கேட்டிருக்கிறீர்கள். அதற்குத் தனி இழை போடுகிறேன், இங்கே கலக்க வேண்டாம்.